ஓய்வுநாளுக்கு முந்தைய ஆறு நாள்கள்

வாரத்தில் ஒரு நாளை ஆண்டவருக்கென்று ஒதுக்கி, அன்று தொழிலைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தவர்கள் சபையில் சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் அதன் பலனிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மனச்சமாதானம் கிடைத்தது, குடும்பமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது, வருமானமும் குறையவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதைப் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பலனுக்கு முன்னால் வரும் மாதங்களைப் பற்றி, அதாவது வேலை குவிவதையும், வாடிக்கையாளர் கைநழுவிப் போவதையும், வீட்டில் மனத்தாங்கல் உண்டாவதையும், ஓய்வென்று உட்கார்ந்த பிற்பகலில் உடம்பும் மனமும் சேர்ந்து அடம்பிடிப்பதையும் பற்றி எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த முயற்சியைத் தொடங்க நினைக்கிற ஒருவருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறவன். மாதச் சம்பளம் கிடையாது; முடித்துக் கொடுத்த வேலைக்குத்தான் காசு. வீட்டிலேயே மேசை, வீட்டிலேயே கணினி என்பதால் வேலைக்குப் போவது, வேலையிலிருந்து திரும்புவது என்ற எல்லையே எனக்கு இருந்ததில்லை. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்துவிடுவேன். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. பத்துக் கட்டளைகளில் எட்டைப் பற்றி எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறது. ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காவது கட்டளையைப் பற்றி வந்ததே இல்லை. உடல்நிலை தடுமாறி, எண்களைக் கூட்டும்போதே கண் இருண்டுவரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டளையைத் திரும்பவும் வாசித்தேன். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ, எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. ஓய்வெடுக்க அனுமதியில்லாதவன்தான் அடிமை. எனக்கு எஜமான் யாரும் இல்லாமலே அந்த நிலையில் இருந்தேன். வருகிற ஞாயிறு முதல் வேலை செய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறு வந்தது; வேலை செய்யவில்லை. ஆனால் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டும்வரை உழைத்திருந்தேன், திங்கட்கிழமை விடியும் முன்பே எழுந்து மறுபடியும் உட்கார்ந்தேன். ஆராதனையில் பிரசங்கம் தொடங்கியதும் கண் சொருகியது. இதே கதை வாரந்தோறும் நடந்தது. இதற்குப் பெரிய ஆவிக்குரிய காரணம் எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்தான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வீதம் ஏழு நாளும் உழைக்கிறவர் வாரத்தில் 63 மணி நேரம் உழைக்கிறார். வேலையைக் குறைக்காமல் ஒரு நாளை மட்டும் உருவி எடுத்துவிட்டால், மீதி ஆறு நாளும் பத்தரை மணி நேரமாக நீளும். ஏற்கெனவே களைத்திருக்கிற உடம்புக்கு அது ஓய்வே அல்ல. ஆகவே தொடங்குகிறவர்கள் நாளைக் குறிப்பதற்கு முன் வேலைப் பட்டியலைக் கையில் எடுத்து, ஏழில் ஒரு பங்கு எதை விடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எனக்கு அது குறைந்த கூலியும் அதிகத் தொல்லையும் உள்ள இரண்டு சிறிய கணக்குகளாக இருந்தது. அவற்றை வேறொருவரிடம் ஒப்படைத்த பிறகுதான் சனிக்கிழமை மாலையில் மேசையை மூட முடிந்தது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து உணவாகக் கிடைத்த மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை இந்தக் கட்டத்தில்தான் உருப்படியாகப் படித்தேன். சீனாய் மலையில் கட்டளை கொடுக்கப்படுவதற்கு முன்பே அந்த ஜனங்களுக்கு ஓய்வுநாள் பழக்கப்படுத்தப்பட்டது, அதுவும் அடுப்பங்கரை வழியாக. ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர், அதாவது மற்ற நாளைப்போல் இரு மடங்கு அளவு சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு வைக்கச் சொன்னார் மோசே. அப்படியிருந்தும் சிலர் ஏழாம் நாளில் பொறுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. ஓய்வுநாளின் பாதி வேலை முந்தின நாளில்தான் நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை பிற்பகலுக்குள் முடிய வேண்டியவற்றை நான் வியாழனன்றே எழுதி வைக்கத் தொடங்கினேன். வெள்ளி மாலைக்குப் பிறகு புதிய வேலை எதையும் ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இந்த வெள்ளிக்கிழமை வரம்பு இல்லாமல் ஞாயிறு நிலைக்காது.

இனி பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் வருமானத்தில் ஏறக்குறைய கால்பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மாலையில் தாள்களை அனுப்பி, திங்கள் காலையில் கணக்கு மேசையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் ஞாயிறு வேலை செய்வதில்லை என்பதை ஒரு சனிக்கிழமை மாலையில், அவர்கள் தாள்களை அனுப்பிய பிறகுதான் சொன்னேன். அந்த முறை அவர்கள் தவித்துப் போனார்கள்; அடுத்த மாதமே வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. விசுவாசத்துக்காக நஷ்டப்பட்டேன் என்ற ஒரு வீராப்பும் இருந்தது. ஆனால் அந்தக் கால்பங்கு வருமானத்தை ஈடுகட்ட ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது; அதற்குள் சேமிப்பு கரைந்தது, வீட்டில் ஒவ்வொரு செலவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. இரவில் படுத்தபடி, கீழ்ப்படிந்ததற்கு இதுதானா கூலி என்று கேட்டதுண்டு.

எரிக் லிடெலின் கதையைச் சபைகளில் அடிக்கடி சொல்லுவார்கள். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓட மறுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்றவர் அவர். ஏதோ கடைசி நேரத்தில் மறுத்து, மறுநாளே அற்புதம் நடந்ததுபோல அதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் போட்டி அட்டவணை மாதக்கணக்கில் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. மறுப்பையும் முன்பே தெரிவித்துவிட்டு, இடையில் கிடைத்த காலத்தில் 400 மீட்டருக்கென்று பயிற்சி எடுத்தார். தொழிலில் இருக்கிறவர்களுக்கு அவர் கதையில் பயன்படும் பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே முதலாளியிடமோ வாடிக்கையாளரிடமோ சொல்வதென்றால், அவர்களுக்கு அவசரம் இல்லாத காலத்தில், எழுத்தில், மாற்று வழியோடு சொல்லுங்கள். இப்போது நான் புதிய வேலையை ஏற்கும்போதே, சனி நண்பகலுக்குள் வந்த தாள்களுக்குச் செவ்வாய் காலையில் கணக்கு தயாராகும் என்று ஒப்பந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன். கேட்டால் காரணம் சொல்வேன். கேட்காதவர்களுக்குப் பிரசங்கம் பண்ணுவதில்லை. தொடங்குவதற்கு முன் சில மாதச் செலவுக்கு உரிய தொகையைத் தனியே சேர்த்து வைத்துக்கொள்வது அவிசுவாசம் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவிசுவாசம் என்று என்னிடம் சொன்னவர்கள் எவரும் என் வீட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளவில்லை.

நாள் கைக்கு வந்த பிறகு அதற்குள் என்ன இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்தால், இரண்டு மணிக்கெல்லாம் ஒரு தவிப்பு தொடங்கும். கை தானாகத் தொலைபேசியைத் தேடும். அறையைக் கூட்டுவேன், அலமாரியை அடுக்குவேன், காரணமே இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன். அதைவிடக் கடினமானது ஒன்று இருந்தது. வேலையின் இரைச்சலில் பல ஆண்டுகள் அமுங்கிக் கிடந்த துக்கங்கள், குறிப்பாக அழக்கூட நேரமில்லாமல் அடக்கம் செய்துவிட்டு வந்த என் தகப்பனாரின் நினைவு, அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் எழும்பி வந்தன. ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாளென்று சொல்லும் ஏசாயா 58ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று குழம்பியிருக்கிறேன். இது பலருக்கும் நேர்வதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் நேர்ந்தால் பயப்பட வேண்டாம். அதற்காக நாளைக் கைவிடவும் வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். துக்கம் நாள் முழுவதையும் விழுங்கி மற்ற நாள்களிலும் நீடித்தால் மருத்துவரிடமும் போங்கள்.

அந்தத் தவிப்புக்கு எனக்கு உதவியவை சிறிய காரியங்கள். வேலை சம்பந்தமான எண்ணம் வரும்போதெல்லாம் ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதி, மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குண்டின் கீழ் செருகி வைத்தேன். ‘மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க’, ‘அவருக்குப் பதில் போட’ என்று மாலைக்குள் ஒரு சிறு கட்டுச் சேர்ந்துவிடும். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை காத்திருக்கக் கூடியவை. சில, எதைப் பற்றி எழுதினேன் என்று எனக்கே விளங்காதவை. தொழிலுக்குத் தனி எண் வாங்கி, அந்தத் தொலைபேசியைச் சனி மாலையில் அணைத்துவிடுவதும் பெரிய விடுதலையாக இருந்தது. நெகேமியா 13ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளுக்கு முன் இருட்டத் தொடங்கியதுமே எருசலேமின் வாசல்களை யூதரின் அதிபதியான நெகேமியா பூட்டச் சொல்கிறார். வியாபாரிகள் ஓரிரு முறை நகரத்துக்கு வெளியே இராத்தங்கிப் பார்த்தார்கள், அவர் கண்டித்தபின் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். என் வாடிக்கையாளர்களும் அப்படித்தான் ஓரிரு முறை அழைத்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமைக்குப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நான் வேதாகமத்தோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிறு மதியம், என் மனைவி பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டே, “கட்டளையில் நீயும் உன் குமாரனும் உன் குமாரத்தியும் என்று வேலைக்காரன், மிருகஜீவன், அந்நியன்வரை எல்லாரும் இருக்கிறார்கள். மனைவியை மட்டும் காணோம், கவனித்தீர்களா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ‘நீ’ என்பதிலேயே கணவனும் மனைவியும் அடங்குவார்கள் என்று வேத விளக்கக்காரர்கள் சொல்லும் பதிலை நான் சொன்னேன். “அப்படியானால் அந்த நீயில் பாதி இங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறது” என்றாள். அலுவலகத்துக்குப் போய்வருகிற அவளுக்கு வாரத்தின் துணியும் சமையலும் ஞாயிறன்றுதான் குவிந்தன. நான் வீட்டில் இருந்ததால் அன்று வேலை இன்னும் கூடியிருந்தது. அதன் பிறகு சனிக்கிழமை காலை துணி துவைப்பதும் வீடு கூட்டுவதும் என் பொறுப்பாயின. ஞாயிறுக்கான சமையல் முந்தின நாளே முடியும். ஆறிய சாப்பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை என்று பிள்ளைகளோடும் பேசிக்கொண்டோம். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் ஓய்வுநாளை ஆசரிக்க முடியாது, அவருடைய ஓய்வின் விலையை இன்னொருவர் கொடுத்துக்கொண்டிருப்பார். தொடங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவது எத்தனையோ மாத மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

எனக்குச் சற்றும் எதிர்பாராத இடைஞ்சல் சபையிலிருந்து வந்தது. ஆராதனைக்குப் பின் காணிக்கையை எண்ணி, பேரேட்டில் ஏற்றி, மாதக் கணக்கைச் சரிபார்ப்பது என் ஊழியமாக இருந்தது. அதாவது வாரம் முழுவதும் காசுக்குச் செய்கிற அதே வேலையை ஞாயிறன்று இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். அதோடு பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டம் என்று மாலை ஆகிவிடும். ஊழியத்தை மறுப்பதா என்ற பயத்தில் பல மாதங்கள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் போதகரிடம் போய், “ஐயா, காணிக்கையை எண்ணிப் பூட்டிவைப்பதை மட்டும் ஞாயிறு செய்துவிட்டு, பேரேட்டை வாரநாளில் எழுதலாமா?” என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்துவிட்டு, “உங்களுக்கு எந்த நாள் ஓய்வு என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை, தம்பி” என்றார். தேவாலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் வேலை செய்து குற்றமற்றவர்களாக இருக்கிறார்கள் என்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். ஆனால் அவர்களுக்கும் உடம்பு ஒன்றுதான். போதகர், பாடகர் குழுத் தலைவர், ஞாயிறு முழுவதும் ஓடியாடுகிற இளைஞர்கள் ஆகியோருக்கு வேறொரு நாள் தேவை. அந்த நாளில் அவர்களைச் சபைக் காரியமாக அழைக்காமல் இருப்பது விசுவாசிகளின் பங்கு. எங்கள் சபையில் போதகருக்கு இப்போது திங்கட்கிழமை. மரணமும் விபத்தும் தவிர வேறு எதற்கும் அன்று அழைப்பதில்லை என்று மூப்பர்கள் தீர்மானித்தார்கள்.

கட்டாயமாக ஞாயிறு வேலை செய்ய வேண்டியவர்கள் வேறு. செவிலியரான என் மைத்துனருக்கு விடுப்பு சுழற்சி முறையில் வருகிறது. அவர் தன் விடுப்பு நாளையே ஓய்வுநாளாக வைத்துக்கொள்கிறார். பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியாயிருந்த ஸ்திரீயை ஓய்வுநாளில் குணமாக்கிய இயேசு, நோயாளியைக் கவனிப்பதைக் குற்றமென்று எண்ண மாட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அவருடைய வருத்தம் தனிமைதான். சோவியத் ஒன்றியம் 1929இல் தொழிலாளர்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒரு விடுப்பைப் பிரிவுக்கொரு நாளாகக் கொடுத்தது. விடுப்பு அடிக்கடி வந்தும், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் வராததால் மக்கள் முணுமுணுத்தார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் பொதுவான ஞாயிறு விடுப்பும் திரும்பி வந்தன. தொழிற்சாலைத் தொழிலாளருக்கு ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சொன்ன சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கூடுமானவரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே வாரநாளில் ஓய்வெடுக்கிறவர்கள் அதே நாளில் விடுப்புள்ள இன்னொரு விசுவாசியைத் தேடிக்கொள்வது நல்லது. மைத்துனர் அப்படி ஒருவரோடு சேர்ந்து வாசித்து ஜெபிக்கிறார்.

சனியா ஞாயிறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சனிக்கிழமையை ஆசரிக்கிற ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு நண்பர்கள் எனக்கு உண்டு. முந்தின நாளே ஆயத்தம் செய்கிற விஷயத்தில் அவர்களிடம் நான் நிறையக் கற்றேன். ரோமர் 14ஆம் அதிகாரம் அவனவன் தன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்பதோடு விட்டுவிடுகிறது, நானும் விட்டுவிடுகிறேன். நடைமுறையில் எனக்கு உதவியது அவர்களைப் போல மாலையிலிருந்து மாலைவரை கணக்கிடுவது. சனி மாலை ஆறு மணிக்கு மேசையை மூடினால் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நாள் முடிகிறது. அதன்பின் ஒரு மணி நேரம் திங்கட்கிழமைக்குத் தாள்களை அடுக்கி வைக்கலாம். இந்த ஒரு மணி நேரம் இருப்பதாலேயே ஞாயிறு பிற்பகலில் மறுநாளைப் பற்றிய கலக்கம் பாதியாகக் குறைந்தது.

இன்னும் தீராத ஒரு காரியம் ஆண்டுக் கணக்கு முடிக்கிற பருவம். கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது, நீதிமன்றங்களையும் நகரத் தொழில்களையும் நிறுத்தினார், பயிர் வேலைக்குப் பருவம் தவறிவிடுமென்று விவசாயிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். யாத்திராகமம் 34:21 அதற்கு நேர் எதிராக, உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருக்கச் சொல்கிறது. என் தொழிலின் அறுப்புக் காலத்தில் அந்த வசனத்தின்படி நிற்க முயல்கிறேன், சில ஞாயிறுகளில் நிற்க முடிகிறது. கடந்த பருவத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணினி பழுதாகி, அவருடைய ஊழியர்களுக்குச் சம்பளமே தடைப்படும் நிலை வந்தபோது ஞாயிறு பிற்பகலில் வேலை செய்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை, செவ்வாய்க்கிழமை அரைநாள் எடுத்துக்கொண்டேன். இந்த ஆண்டு பருவம் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தாள்கள் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியைக் குறித்துக் கடிதம் போட்டுவிட்டேன். பாதிப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இந்த வாரம் நினைவூட்ட வேண்டும்.